மார்கிரட் மர்டொக்: ஆண்களோடு ஒரே வரிசையில் நின்று சுட்ட பெண்

ஒலிம்பிக் விளையாட்டு விழாவில் குறிபார்த்துச் சுடும் போட்டியில் பதக்கம் வென்ற முதற் பெண் மார்கிரட் மர்டொக். ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர். இராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர், பின்னர் தாதியானவர், ஒரு பிள்ளையின் தாய். 1976 ஆம் ஆண்டு மொன்றியலில் அவர் பெற்றது வெள்ளிப் பதக்கம். அது பெண்களுக்கென்று தனியாக வைத்த போட்டியில் கிடைத்த பதக்கம் அன்று. ஆண்களும் பெண்களும் ஒரே வரிசையில், ஒரே தூரத்துக்கு, ஒரே எண்ணிக்கையான ரவைகளைச் சுட்ட போட்டியில் கிடைத்தது. அத்தகைய தனிநபர் போட்டி இன்று ஒலிம்பிக்கில் இல்லை. அது ஏன் இல்லாமற் போனது என்பதையும் சேர்த்துத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

கல்லூரியின் நூற்றாண்டு மலரில் துவக்கைப் பற்றிய கட்டுரையா என்று சிலர் நினைக்கக் கூடும். நினைப்பதில் தவறில்லை. துவக்கு என்ற சொல் என் வகுப்புத் தோழிகளுக்கு எதை நினைவூட்டும் என்று நான் விளக்கத் தேவையில்லை. வெடிச் சத்தம் கேட்டால் எந்தச் சுவரின் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று அறிந்து வளர்ந்தவர்கள் நாங்கள். வைத்தியரான பின்பு, துவக்கு மனித உடலில் செய்யும் வேலையைச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் பார்த்திருக்கிறேன். இவ்வளவுக்கும் பிறகு, ஐம்பது மீற்றர் தொலைவில் தொங்கும் ஒரு கடதாசியைத் துளைப்பதற்காக மட்டுமே செய்யப்பட்ட துவக்கு ஒன்று உண்டு என்பதும், அதை வைத்துக்கொண்டு பெண்கள் ஒரு நூற்றாண்டாகத் தமக்குரிய இடத்துக்காக வாதாடி வந்திருக்கிறார்கள் என்பதும் எனக்குப் புதிய செய்தியாகவே இருந்தன. வாசித்தவற்றுள் மர்டொக்கின் கதை மனதை விட்டு அகலவில்லை.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது. மர்டொக் பெயர் பெற்றது ‘மூன்று நிலை’ றைபிள் போட்டியில். அக்காலத்தில் படுத்தபடி 40, நின்றபடி 40, முழந்தாளிட்டபடி 40 என மொத்தம் 120 ரவைகள் சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கூடியது 10 புள்ளி, ஆக 1200 புள்ளி. இலக்குத் தாளின் நடுவில் 10 புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் அப்போது 12.4 மில்லிமீற்றர். எங்கள் ஐம்பது சத நாணயத்தை விடவும் சிறிய வட்டம், ஐம்பது மீற்றருக்கு அப்பால். துவக்கின் வாய் ஒரு மில்லிமீற்றர் விலகினாலே, ரவை அங்கு போய்ச் சேரும்போது ஐந்தாறு சென்ரிமீற்றர் விலகிவிடும். துவக்கின் எடையோ 8 கிலோகிராம் வரை இருக்கலாம். அதைக் கையிற் பிடித்தபடி, மணிக்கணக்காக, ஒன்றன்பின் ஒன்றாக 120 தடவை இதைச் செய்ய வேண்டும்.

இதில் உடற்பலத்தை விட உடலை அடக்குவதே பெரிய வேலை. தசையால் துவக்கைத் தாங்கினால் தசை களைத்து நடுங்கும். ஆகவே எடை முழுவதும் எலும்புகளின் வழியே நிலத்துக்குப் போகும்படி உடலை அடுக்கிக் கொள்வார்கள். நின்றபடி சுடும்போது இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றிக்கொள்வது அதனாலேதான். மூச்சைப் பாதி விட்டு, சில விநாடி நிறுத்தி, அதற்குள் விசையை அழுத்த வேண்டும். இருதயம் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் துவக்கின் வாய் அசையும் என்பதால், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட அமைதியிலே சுடப் பார்ப்பார்கள். நாங்கள் அன்றாடம் எழுதிக் கொடுக்கும் புரொப்பிரனலோல் மாத்திரை இந்த விளையாட்டில் தடைசெய்யப்பட்ட மருந்து. இருதயத் துடிப்பைக் குறைத்துக் கைநடுக்கத்தையும் அடக்கிவிடும் அல்லவா! பரீட்சைக்கு முன் கை நடுங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், அந்தத் தடையின் நியாயம் விளங்கும்.

எனவே ஆணின் தோட்பலமோ உயரமோ இங்கே பெரிதாக உதவுவதில்லை. இது 1976 இல் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அல்ல. 1930 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் நடந்த அரசரின் பரிசுக்கான போட்டியில், மார்ஜரி பொஸ்டர் என்ற பெண் இராணுவ வீரர்கள் அனைவரையும் வென்றார். அவர் கோழிப் பண்ணை நடத்தி வந்தவர். கடைசி ரவை வரை போட்டியிட்ட இராணுவ அதிகாரியை அவர் வென்றது ஒரேயொரு புள்ளியால். அப்படி இருந்தும் ஒலிம்பிக் சுடுதளத்தில் ஒரு பெண் காலடி வைக்க 1968 வரை, மெக்சிக்கோ நகரம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே மெக்சிக்கோ, பெரு, போலந்து நாடுகளைச் சேர்ந்த மூன்று பெண்கள் ஆண்களோடு போட்டியிட்டார்கள். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

மர்டொக் 1942 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் திகதி கன்சாஸின் டொபீகா நகரில் பிறந்தார். அப்போது அவர் மார்கிரட் தொம்சன். கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது றைபிள் அணியில் இடம்பிடித்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிரதான அணிக்கு விளையாடித் தகுதி காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரெழுத்தைச் சட்டையில் அணியும் உரிமை கொடுப்பார்கள். நமது கல்லூரிகளில் வர்ணம் வழங்குவது போன்றது. அந்தப் பல்கலைக்கழகத்தில் அதைப் பெற்ற முதற் பெண் இவர். கல்வி நிலையங்களின் விளையாட்டில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது 1972 இல். மர்டொக் படித்தது அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு. பெண்கள் அணி என்று ஒன்று இருந்திருந்தால் அவரை அங்கே அனுப்பியிருப்பார்கள். அப்படியொன்று இல்லாததாலே இருந்த ஒரே அணிக்குள் போனார்.

படிப்பு முடிந்தபின் இராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து, ஜோர்ஜியா மாநிலத்தின் பென்னிங் கோட்டையில் குறிபார்த்துச் சுடும் பிரிவில் பயிற்றுநராக இருந்தார். வியட்நாம் போர் நடந்த காலம் அது. இராணுவம் பெண்களைப் போர்க்களத்துக்கு அனுப்பாது, ஆனால் சுடுவதில் வல்ல ஒரு பெண்ணிடம் தன் வீரர்களைப் பழக அனுப்பும். இதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, எனக்கு மட்டும் இதில் ஒரு நெருடல் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

1967 இல் கனடாவின் வின்னிபெக் நகரில் நடந்த அமெரிக்கக் கண்ட விளையாட்டு விழாவில் அவருடைய பெயர் உலகுக்குத் தெரிந்தது. முழந்தாளிட்ட நிலையில் 400 க்கு 391 புள்ளி எடுத்தார். அது உலக சாதனை. பெண்களின் சாதனையை மாத்திரமல்ல, ஆண்களின் சாதனையையும் தாண்டிய எண் அது. ஒரு பெண்ணின் சாதனை அதே விளையாட்டில் ஆண்களின் உலக சாதனையை மிஞ்சுவது அன்றைய விளையாட்டுலகம் கேட்டுப் பழகாத செய்தி. ஓட்டத்திலோ நீச்சலிலோ அப்படி நடக்க வழியில்லை. அவர் சுட்டு ஓய்வதற்குள் தனிநபராக நான்கும் அணியோடு சேர்ந்து ஒன்பதுமாக உலக சாதனைகள் அவர் பெயரில் பதிவாகின.

1970 இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் உலகச் சம்பியன் போட்டி. நின்ற நிலையில் சுடும் போட்டியில், ஆண்களையும் வென்று மர்டொக் தங்கப் பதக்கம் பெற்றார். மூன்று நிலைகளிலும் கடினமானது நின்ற நிலைதான். அப்போது அவர் நான்கு மாதக் கர்ப்பிணி.

ஒரு வைத்தியராக இந்த இடத்தில் நான் சற்று நின்று போக வேண்டும். நான்காம் மாதத்தில் வயிறு வெளியே பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். உள்ளே எல்லாமே மாறிக்கொண்டிருக்கும். உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடும், இருதயம் நிமிடத்துக்கு வழமையை விடப் பல தடவை கூடுதலாகத் துடிக்கும். ஓமோன்களின் செயலால் இடுப்பைச் சுற்றியுள்ள இணையங்கள் தளரும். மூச்சு வாங்கும் தேவை கூடும். மேலே எழுதியவற்றை மீண்டும் பாருங்கள். துடிப்புக்கு இடைப்பட்ட அமைதி, நிறுத்திய மூச்சு, இடுப்பெலும்பில் ஊன்றிய முழங்கை: இவை மூன்றையும் கர்ப்பம் தொட்டுவிடுகிறது. பல ஆண்டுகளாகப் பழகிய உடல் வாரத்துக்கு வாரம் வேறோர் உடலாக மாறிக்கொண்டிருக்க, அந்த உடலை ஒவ்வொரு நாளும் புதிதாக அடுக்கிக்கொண்டு அவர் சுட்டிருக்க வேண்டும். “வயிற்றில் பிள்ளையோடும் வென்றார்” என்று பத்திரிகைகள் இதை ஒரு விநோதம் போல எழுதுவதுண்டு. இது விநோதமல்ல, தொழில்நுட்பம். கர்ப்ப காலத்தில் சத்தமும் ஈயமும் பிள்ளைக்கு நல்லதல்ல என்று இன்று நாங்கள் அறிவுரை சொல்வோம் என்பதையும், இதை வாசிக்கும் இளந்தாய்மார் பொருட்டு எழுதி வைக்கிறேன்.

அடுத்தது மொன்றியல். கனடாவில் வாழும் நம் பழைய மாணவிகள் பலர் லக்காடி என்ற ஊரின் பக்கமாகக் காரில் போயிருப்பீர்கள். மொன்றியலுக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில்தான் 1976 யூலையில் சுடும் போட்டிகள் நடந்தன. மூன்று நிலைப் போட்டிக்கு அமெரிக்கா அனுப்பிய இருவர் மார்கிரட் மர்டொக்கும் லனி பஷாமும். பஷாம் இராணுவ அதிகாரி, நான்கு ஆண்டுகளுக்கு முன் மியூனிக்கில் அதே போட்டியில் வெள்ளி பெற்றவர். மியூனிக்கில் பதற்றம் தன்னைத் தோற்கடித்தது என்று உணர்ந்து, வென்றவர்கள் மனதில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவராகத் தேடிக் கேட்டு, மனப்பயிற்சிக்கென்றே ஒரு முறையை வகுத்துக்கொண்டு வந்திருந்தார். மர்டொக்குக்கு வயது 33. இதுதான் அவருக்கு முதல் ஒலிம்பிக்.

போட்டி முடிந்தபோது மர்டொக்கின் மொத்தம் 1162. பஷாமை விட ஒரு புள்ளி கூட. அதாவது தங்கம். அக்காலத்தில் மின்னணு இலக்குகள் கிடையாது. கடதாசித் தாள்களை எடுத்து, ஒவ்வொரு துளையையும் அளவுகோல் வைத்துப் பார்த்து, கையால் கூட்டி எழுதுவார்கள். மீண்டும் சரிபார்த்தபோது பஷாமின் கணக்கில் ஒரு புள்ளி குறைத்து எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. அவருக்கும் 1162. மூன்றாவதாக வந்த மேற்கு ஜேர்மனியின் வேர்னர் சைபோல்டுக்கு 1160.

இருவரும் மீண்டும் சில ரவைகள் சுட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்று நாம் நினைப்போம். விதி அப்படிச் சொல்லவில்லை. பத்துப் பத்து ரவைகளாகச் சுட்ட தொடர்களை ஒப்பிட்டு யார் மேல் என்று காண வேண்டும் என்றது. அப்படி ஒப்பிட்டதில் பஷாம் முதலாவது, மர்டொக் இரண்டாவது. இரண்டு தங்கப் பதக்கம் கொடுங்கள் என்று பஷாம் தாமே கேட்டார். மறுத்துவிட்டார்கள்.

பதக்கம் வழங்கும் வேளையில் நடந்ததுதான் பலரும் அறிந்த காட்சி. அமெரிக்க தேசிய கீதம் ஒலிக்கத் தொடங்கும்போது பஷாம் குனிந்து, கீழ்ப் படியில் நின்ற மர்டொக்கைக் கைபிடித்துத் தம் படிக்கு அழைத்துக்கொண்டார். கீதம் முடியும்வரை இருவரும் உச்சிப் படியில் ஒன்றாக நின்றார்கள். பெருந்தன்மையான செயல், ஐயமில்லை. எனினும் இந்தக் கதையை எழுதுபவர்கள் பெரும்பாலும் பஷாமின் பெருந்தன்மையோடு முடித்துவிடுவார்கள். மர்டொக் சுட்ட 120 ரவைகள் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். அவரைப் படியேற்றியது கருணையல்ல, 1162 என்ற எண். பஷாமும் அதை அறிந்தே கைநீட்டினார் என்று நினைக்கிறேன்.

1980 இல் மொஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா பகிஷ்கரித்தது. மர்டொக்குக்கு மொன்றியலே முதலும் கடைசியுமான ஒலிம்பிக் ஆயிற்று.

பிறகு வந்ததே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1984 லொஸ் ஏஞ்சலிஸ் விழாவில் சுடுதலில் பெண்களுக்கெனத் தனிப் போட்டிகள் மூன்று சேர்க்கப்பட்டன. முன்னேற்றம் என்று எல்லோரும் வரவேற்றார்கள். மூன்று நிலைப் போட்டியில் தங்கம் வென்ற வூ சியாவோசுவான், ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதற் சீனப் பெண். நல்ல செய்திதான். ஆனால் அதே நேரத்தில் மர்டொக் போட்டியிட்ட பழைய மூன்று நிலைப் போட்டி ஆண்களுக்கு மட்டும் என்று ஆக்கப்பட்டது. பெண்களுக்குக் கொடுத்த புதிய போட்டியில் ரவைகள் 120 அல்ல, 60. துவக்கின் எடைக்கு உச்ச வரம்பும் 8 கிலோ அல்ல, அதை விடக் குறைவு. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் உலகின் சிறந்த ஆண்களோடு சமமாகச் சுட்டு முடித்த அதே 120 ரவை, பெண்களால் ஆகாது என்று எந்தக் கணக்கில் தீர்மானித்தார்கள்? மருத்துவத்தில் அதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தட்டுச் சுடும் ஸ்கீட் போட்டியோ 1992 வரை இருபாலாருக்கும் பொதுவாக இருந்தது. பார்சிலோனாவில் சீனாவின் சாங் ஷான் தகுதிச் சுற்றில் 200 க்கு 200 அடித்து, இறுதியில் 223 புள்ளியோடு ஆண்கள் அனைவரையும் வென்று தங்கம் பெற்றார். அடுத்த ஒலிம்பிக், 1996 அட்லாண்டாவில், அந்தப் போட்டி ஆண்களுக்கு மட்டும் ஆயிற்று. பெண்கள் ஸ்கீட் என்று தனியாக ஒன்றும் வைக்கப்படவில்லை. வென்றவருக்கே தன் பட்டத்தைக் காக்கப் போவதற்கு இடமில்லை! பெண்களுக்கான ஸ்கீட் வர 2000 ஆம் ஆண்டு வரை சென்றது.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை நான் தட்டிக் கழிக்க முடியாது. பெண்கள் கல்லூரியில் படித்து, அதன் பெருமையைப் பேசும் மலரில் எழுதிக்கொண்டு, பெண்களுக்குத் தனியிடம் கொடுத்ததைக் குறை சொல்லலாமா? நமது கல்லூரியைத் தொடங்கியவர்கள் பெண் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பறை அமைத்திராவிட்டால் எங்கள் பாட்டிமார் படித்தே இருக்க மாட்டார்கள். ஆய்வுகூடத்தில் விளக்கை ஏற்றுவதும், விளையாட்டுப் போட்டியில் இல்லத் தலைவியாகக் கொடி பிடிப்பதும், மேடையில் விவாதிப்பதும் எல்லாம் நாங்களே என்று இருந்த ஏழு எட்டு ஆண்டுகள் இல்லாமல், மருத்துவ பீடத்தில் ஆண்களோடு ஒரே வரிசையில் அமரும் துணிவு எனக்கு வந்திருக்குமா தெரியாது. சுடுதலிலும் அப்படித்தான். 1984 க்குப் பின் தனிப் போட்டிகள் இருந்ததனாலே எத்தனையோ நாடுகளின் பெண்கள் துவக்கைத் தொட்டார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான காற்று றைபிள் போட்டியில் இலங்கையின் சார்பில் தெஹானி எகொடவெல நின்றதும் அந்த வழியாகத்தான்.

ஆனால் நமது கல்லூரி எங்களுக்குப் பாதி விஞ்ஞானம் சொல்லித் தரவில்லை. பரீட்சைத் தாளில் பெண்களுக்கு அறுபது கேள்வி, ஆண்களுக்கு நூற்றிருபது கேள்வி என்று இருக்கவில்லை. தனி வகுப்பறையில் படித்தோம், பொதுப் பரீட்சை எழுதினோம். 1984 இல் சுடும் பெண்களுக்கு நடந்தது இதன் மறுதலை. பரீட்சையையே பாதியாக்கி, பொது மண்டபத்தின் கதவையும் சாத்தினார்கள்.

அந்தப் பாதி, முழுமையாக 34 ஆண்டுகள் ஆயின. 2018 இல் சர்வதேச சம்மேளனம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ரவைகளின் எண்ணிக்கையைச் சமமாக்கியது. 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் மூன்று நிலையில் 120 ரவை சுட்டார்கள், மர்டொக் சுட்ட அதே 120. பாரிஸ் ஒலிம்பிக்கில் இரு பாலாருக்கும் அது 60 ஆகக் குறைந்தது, எனினும் சமமாகக் குறைந்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் றைபிள் போட்டிகளில் இன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே சுடுகிறார்கள். 2010 இல் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் அணி தேசியச் சம்பியன் பட்டம் வென்றது. அந்த அணியில் ஓர் ஆணும் இருக்கவில்லை.

டோக்கியோவில் வேறொரு புதிய போட்டியும் சேர்க்கப்பட்டது. காற்று றைபிளில் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இணைந்து சுடும் கலப்பு இரட்டையர் போட்டி. முதல் தங்கத்தைச் சீனாவின் யாங் சியானும் யாங் ஹாவோரனும் பெற்றார்கள். உச்சிப் படியில் இருவரும் சேர்ந்து நின்றார்கள், இம்முறை விதிப்படி, ஆளுக்கொரு தங்கப் பதக்கத்தோடு.